ஒன்பதே காலுக்கு இனி யார் வாசிப்பது?

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் செய்தி எழுதுகிற, ஒலிவாங்கி பிடிக்கிற, கைப்பேசியில் நேரலை போடுகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

 

உங்களில் சிலர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டீர்கள். பழைய ஆட்கள் எல்லாரும் பிபிசி தமிழோசை என்றால் செத்தவீட்டுக் குரலில் பேசுகிறீர்களே, லண்டனில் வெள்ளைக்காரன் காசில் நடந்த ஒரு வானொலி நின்றுபோனதில் எங்களுக்கு என்ன நட்டம் என்று. அன்றைக்குக் கூட்டம் கலைகிற நேரம், சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்றோடு தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. 1941 மே மாதம், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, வாரத்துக்கொரு செய்தி மடலாகத் தொடங்கியது அது. எழுபத்தாறு வயது நிறைவதற்கு ஒருசில நாட்களே இருந்தன. அன்று உங்களில் பலர் ஓ.எல். பரீட்சைக்கும் வந்திருக்கமாட்டீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அநேகமாகக் கவனித்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் அதற்குச் சில வருடங்கள் முன்னரே சிற்றலையைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் இங்கே குறைந்துபோயிருந்தார்கள்.

ஆனால் அந்த 2017ஐச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பிபிசி உலக சேவைக்கு அது பஞ்ச வருடம் அல்ல. பிரித்தானிய அரசாங்கம் 28.9 கோடி பவுண் கூடுதலாகத் தருவதாக 2015 கடைசியில் அறிவித்திருந்தது. அந்தக் காசை வைத்து, 2016 நவம்பரில், பதினொரு புதிய மொழிகளில் சேவை தொடங்கப்போவதாகப் பிபிசி சொன்னது. 1940களுக்குப் பிறகு இவ்வளவு பெரிய விரிவாக்கம் இதுதான் என்று அவர்களே பெருமைப்பட்டார்கள். 2017இல் ஒவ்வொன்றாக வந்தன. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பிட்ஜின், இந்தியாவுக்குத் தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி. தமிழும் ஒழிந்துபோகவில்லை. இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மாறியது, வேலைகள் டெல்லிப் பக்கம் நகர்ந்தன. இதெல்லாம் காலத்தோடு போகிற மாற்றம் என்று விட்டுவிடலாம்.

ஒன்றைத் தவிர. அதே வருடம் செப்டம்பர் கடைசியில் பிபிசி கொரிய மொழிச் சேவையைத் தொடங்கியது. எதில்? சிற்றலையிலும் மத்திய அலையிலும். வடகொரியாவில் இரவில் ஒளிந்து றேடியோ திருப்புகிறவனுக்காக அரை மணி நேரம். ஏப்ரலில் தமிழுக்கு அணைத்த அதே தொழில்நுட்பத்தைச் செப்டம்பரில் கொரிய மொழிக்கு ஏற்றினார்கள்.

ஆகவே சிற்றலை காலாவதியாகிவிட்டது என்று யாராவது உங்களுக்கு வகுப்பில் சொன்னால் நம்பாதீர்கள். சிற்றலை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ஒரு மேசையில் இருந்து தீர்மானித்தார்கள். கதவு பூட்டிக் கிடக்கிற நாட்டுக்கு வேண்டும், திறந்திருக்கிற நாட்டுக்கு வேண்டாம். 2017இல் நாங்கள் திறந்த கதவுப் பட்டியலில் இருந்தோம். அந்த நேரத்துக்கு அது பெரிய பிழையான கணக்கு என்றும் சொல்ல மாட்டேன். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியிருந்தது. கொழும்பில் ஒரு மாதிரியான காற்று வீசியது. வெல்லாவெளி வட்டைக்குள்ளும் கைப்பேசி மணி அடித்தது.

இனி, நீங்கள் பார்க்காத காலத்துக்கு வருகிறேன்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு இன்று மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறீர்கள். அந்தப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்னர் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைதான், தோணிதான். யுத்த காலத்தில் வாவியின் மேற்குக் கரையில் பெரும்பகுதி புலிகளிடம், கிழக்குக் கரை ஆமியிடம். வலையிறவுப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. பற்றரி கொண்டுபோக விடமாட்டார்கள், பற்றரியில் குண்டு வெடிக்க வைக்கலாம் என்று. மின்சாரமும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கம்பி இழுத்துச் செய்தி கேட்டது யாழ்ப்பாணத்துக் கதை மட்டும் அல்ல. சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் லண்டன் மங்கிப்போகும். பிறகு அடுத்தவன் பிடிப்பான்.

நேரத்தின் கதை இன்னும் விசித்திரம். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சாட்டி அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதத்தில் அதை அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. புலிகளின் பகுதியில் அதை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. ஆகவே தமிழோசை தொடங்கும்போது மட்டக்களப்பு நகரத்தில் இரவு ஒன்பதே முக்கால், வாவிக்கு அந்தப் பக்கம் ஒன்பதே கால். நகரத்தில் ஆசிரியத் தொழில் பார்த்துவிட்டு அந்திப் பாதையில் படுவான்கரை திரும்புகிறவர் துறையடியில் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பிக்கொள்வார். இரண்டு கரைக்கும் இரண்டு நேரம், இரண்டு நிர்வாகம், இரண்டு விதமான பயம். அந்த ஒரு அரை மணி நேரம் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே குரலைக் கேட்டது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கடை மூடிய பிறகு அதே நிகழ்ச்சிதான்.

சிற்றலை பற்றிப் புத்தகத்தில் வேறு மாதிரிப் படித்திருப்பீர்கள். எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நிலத்திலிருந்து புறப்படும் அந்த அலை வானத்தில் நூறு கிலோமீற்றருக்கும் மேலே உள்ள அயனப் படலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி விழும். பொழுதுபட்டால் 31, 41, 49 மீற்றர் அலைவரிசைகள் தெளிவாகும். மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் நிலையங்கள் அலைவரிசையை மாற்றும், அன்று இரவு முள்ளைத் தேடித் திரிய வேண்டும். சத்தம் இரையும், மங்கும், சீன மொழி குறுக்கே வரும். தரம் என்று பார்த்தால் உங்கள் மலிவான கைப்பேசியின் ஒலிப்பதிவுக்குக் கிட்டவும் வராது. ஆனால் அனுப்புகிற கோபுரம் கொழும்பில் யாருடைய கைக்கும் எட்டாத இடத்தில் நின்றது. கேட்கிறவன் எவன் என்றும் ஒருவருக்கும் தெரியாது. கணக்குத் திறக்கவில்லை, கடவுச்சொல் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. தென்னையில் கட்டிய ஏரியல் கம்பி ஒன்றுதான் சாட்சி.

இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. நடந்த சோதனை ஒன்று இருக்கிறது. தமிழோசை சிற்றலையில் மட்டும் வரவில்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலை வழியாகவும் மறு ஒலிபரப்பானது. சத்தம் சுத்தமாக இருக்கும், ஏரியல் தேவையில்லை. 2009 பெப்ரவரியில், வன்னி யுத்தத்தின் கடைசி மாதங்களில், தங்கள் தமிழ், சிங்கள நிகழ்ச்சிகள் வேண்டுமென்றே இடையூறு செய்யப்படுகின்றன என்று சொல்லிப் பிபிசி அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. பிறகு திரும்பவும் தொடங்கினார்கள். 2013 மார்ச்சில், ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்த நாட்களில், தமிழ் நிகழ்ச்சி மறுபடி நடுவில் வெட்டுப்பட்டது. அந்த மாதம் 26ஆம் திகதி பிபிசி மறுபடியும் விலகியது. அதே மார்ச்சில்தான் இங்கே புதிய கல்லடிப் பாலத்தைக் கோலாகலமாகத் திறந்தார்கள். 1924இன் பழைய பாலம் பக்கத்தில் துருப்பிடித்து நின்று வேடிக்கை பார்த்தது.

ஒரே நிகழ்ச்சி, ஒரே வாசகங்கள், ஒரே குரல். கொழும்பு வழியாக வந்தது வெட்டுப்பட்டது, கடல் தாண்டி வானத்தால் வந்தது வெட்டுப்படவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது, சொல்வது யாருடைய வாசலால் போகிறது என்றும் பார்க்க வேண்டும். இதழியல் வகுப்பில் முதலாவதைத்தான் படிப்பிக்கிறார்கள்.

இப்போது உங்கள் கைப்பேசிக்கு வருவோம். 2018 மார்ச்சில் கண்டி, திகன வன்செயலின்போது பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றைக்கே மறுபடியும் தடுத்தார்கள். 2022 ஏப்ரல் 3, காலிமுகத் திடல் போராட்டம் பெருக்கெடுக்கும் முன்னர், இன்னொரு தடவை. பொய்ச் செய்தி பரவாமல் தடுக்க என்றார்கள். பொய் பரவியது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சீயோனுக்குப் பிறகான அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மதிலுக்கு மதில் ஒட்டியிருக்கிற இந்தக் கரையில், எல்லாரும் நம்புகிற ஒரு குரல் ஒரு குறித்த நேரத்துக்கு வந்து, இது நடந்தது, இது நடக்கவில்லை என்று சொல்லியிருந்தால்? பொய்க்கும் பூட்டு, மெய்க்கும் பூட்டு என்று போட்டதில் பொய் வாய்வழியாகத் தப்பிப் போய்விட்டது. மெய்க்குத்தான் வழியில்லாமல் போனது. இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் கையில் இருக்கிறது. திறந்த கதவுப் பட்டியலில் எங்களைப் போட்டவர்கள் அந்தக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கவில்லை.

லண்டன் பக்கம் கதை அங்கேயே நிற்கவில்லை. 2020 ஜனவரியோடு ஹிந்தியின் சிற்றலை போனது. 2022 செப்டம்பரில் பத்து மொழிகளின் வானொலியை முற்றாக நிறுத்தும் திட்டத்தை வெளியிட்டார்கள். அரபு, பாரசீகம், வங்காளம், உருது என்று போன அந்தப் பட்டியலில் எஞ்சியிருந்த தமிழும் இருந்தது. மொத்தம் 382 பேருக்கு வேலை போகும் என்றார்கள். 1938இல் தொடங்கிய அரபு வானொலி, பிபிசியின் முதலாவது வெளிநாட்டு மொழிச் சேவை, 2023 ஜனவரியில் மௌனமானது. ஏப்ரலில் சூடானில் யுத்தம் மூண்டது. மே மாதம் சூடானுக்கென்று அவசரகால அரபு வானொலியைப் பிபிசி சிற்றலையில் ஏற்றியது. நவம்பரில் காஸாவுக்கு மத்திய அலையில். அதற்கு முந்திய வருடம் உக்ரேனுக்கும் ஆங்கிலச் செய்தியைச் சிற்றலையில் தினம் நாலு மணித்தியாலம் அனுப்பினார்கள்.

கவனித்தீர்களா, பற்றி எரிகிற இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். நல்லதுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு முறை பற்றி எரிந்துதான் எங்களுக்கு ஒரு அரை மணி நேரம் கிடைக்கும் என்றால் அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டாம்.

தமிழன் என்பதால் வெட்டினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சொந்த ஊர்க்காரரையும் அப்படித்தான் நடத்தினார்கள். இங்கிலாந்தின் 39 உள்ளூர் வானொலி நிலையங்கள் பிற்பகலுக்குப் பிறகு நிகழ்ச்சிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று 2022 ஒக்டோபரில் முடிவெடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் அங்கத்தைய ஊடகவியலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் ஊரின் மழை வெள்ளம் பற்றிப் பக்கத்து மாகாணத்தில் இருந்து ஒருவர் வாசித்தால் எப்படி என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. பெயரை எடுத்துவிட்டு வாசித்தால் அது வாகரைக்காரரின் முறைப்பாடு.

சரி, நட்டம் என்ன என்ற கேள்விக்கு. லண்டன் குரல் போனதல்ல நட்டம். அந்தக் குரலுக்குப் பின்னால் இங்கே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது, அதற்குச் சம்பளமும் மரியாதையும் சொற்பமாகவேனும் கிடைத்தன. தமிழோசைக்குப் பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' எந்த நூலகத்தில் அகப்பட்டாலும் எடுத்துப் படியுங்கள். பிந்திய காலத்தில் செய்தி வந்தது ஊர் நிருபர்களிடமிருந்து. பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், சொந்த வீட்டில் சுடப்பட்டார். இங்கே, ஐயாத்துரை நடேசன். நெல்லியடியில் பிறந்து மட்டக்களப்பைத் தன் ஊராக்கிக்கொண்டவர். வீரகேசரிக்கும், லண்டனில் இருந்து ஒலிபரப்பான ஐபிசி தமிழ் வானொலிக்கும் செய்தி அனுப்பியவர். 2004 மே 31 காலை, வேலைக்குப் போகிற வழியில், இந்த நகரத்தின் தெருவில் வைத்துச் சுட்டார்கள். பிரித்தானிய வானொலி என்று நாங்கள் சொல்வதன் ஒரு முனை லண்டனில் இருந்தது. மற்ற முனை இந்தத் தெருவில் இருந்தது. விலை கொடுத்தது இந்த முனை.

அவர்களைப் போன்றவர்கள் செய்த வேலை எளிமையானது. இரண்டு தரப்பிடமும் கேட்பது, எண்ணிக்கையைச் சரிபார்ப்பது, குறித்த நேரத்துக்குள் சொல்லி முடிப்பது. ஒன்பதே காலுக்குப் போகாத செய்தி அன்றைக்குச் செய்தி இல்லை. அந்தக் கட்டுப்பாடுதான் எழுத்தைச் சுருக்கியது, ஊகத்தை வெட்டியது. நேரலை போடுகிற உங்களுக்கு நேரக் கட்டுப்பாடே கிடையாது. அதனால்தான் சம்பவ இடத்தில் நின்று நாற்பது நிமிடம் பேசியும் எத்தனை பேருக்குக் காயம் என்று சொல்லாமல் முடிக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தமிழோசையைத் தலையில் வைத்து ஆடவும் சொல்லவில்லை. அதில் மட்டக்களப்பு எப்போது வந்தது? இரத்தம் சிந்திய நாளில் வந்தது. கொக்கட்டிச்சோலை, சத்துருக்கொண்டான், காத்தான்குடிப் பள்ளிவாசல் என்று பிணத்தின் எண்ணிக்கையோடுதான் எங்கள் ஊர்ப் பெயர்கள் லண்டனில் உச்சரிக்கப்பட்டன. வெள்ளாமை விலை விழுந்த வருடம் செய்தியில் இல்லை. முகத்துவாரம் வெட்டுகிற சண்டை இல்லை. யுத்தத்துக்கு முந்திய காலத்தில் ஓர் ஆறுதல் உண்டு: அமெரிக்க யேசு சபைக் குருவான லாங் அடிகளார் கல்லடிப் பாலத்தடியில் ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி, பாடும் மீனின் சத்தத்தைப் பதிந்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. யாரும் சாகாமல் எங்கள் வாவி வானொலியில் வந்த சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணலாம், அதில் அது ஒன்று.

இனி லண்டனை விட்டுவிடுவோம். உங்களிடம் நான் கேட்க வந்தது வேறு.

வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். இரண்டு கரையும் சமதரை, மலை கிடையாது. பண்பலை நேர்கோட்டில் போகிற அலை, மறிக்க மலை இல்லாவிட்டால் சின்னக் கோபுரமே போதும். இந்தியாவில் சமுதாய வானொலிக்கு 100 வாற்று வலுவும் 30 மீற்றர் கோபுரமும்தான் அனுமதி, அதை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தை எட்டுகிறார்கள். அப்படி மூன்று நான்கு சிறு நிலையங்கள் இருந்தால் களுவாஞ்சிக்குடி தொடங்கி ஏறாவூர் வரை இரண்டு கரைக்கும் கேட்கும். பாம்பனில் மீனவர்களுக்கென்று 'கடல் ஓசை' என்ற 90.4 பண்பலை 2016இலிருந்து நடக்கிறது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன்வளம் பற்றி மீனவர் மொழியிலேயே பேசுகிறார்கள். அதைப் பார்த்து நாங்கள் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் அப்படியே பிரதி பண்ணவும் முடியாது. இந்தியாவில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கத் தடை. அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் திருப்பிப் போடலாம். அலை உயரத்தைச் சொல்லலாம், படகைப் பிடித்துக்கொண்டு போனதைத் தங்கள் வாயால் செய்தியாகச் சொல்ல முடியாது. எங்களுக்கு வேண்டியது அந்த அரைகுறை அல்ல.

இங்கே சட்டம் இன்னும் மோசம். 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ்தான் இன்றைக்கும் தனியாருக்கு வானொலி உரிமம். கொடுப்பது அமைச்சரின் கையில். சமுதாய வானொலி என்று தனியாக ஒரு வகையே கிடையாது. கொத்மலையில் 1989இல் தொடங்கிய சமுதாய வானொலி உலகப் புகழ் பெற்றது, ஆனால் அதுவும் கூட்டுத்தாபனத்தின் பிள்ளைதான். 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் மறித்தபோது, அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கத்தின் தனிச் சொத்தல்ல என்ற கருத்து அங்கே பதிவானது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு எத்தனையோ அரசாங்கம் மாறிவிட்டது, பிரிவு 44 மாறவில்லை. கொழும்பில் கம்பெனிகளுக்கு அலைவரிசை போயிருக்கிறது. ஒரு மீனவர் சங்கத்துக்கு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஏன் போகக்கூடாது என்று கிழக்கிலிருந்து ஊடகக்காரர் திரளாகக் கேட்டதை நான் அறியேன். நீங்கள் கேட்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தெரு விளக்குக் கேட்கிறதைப் போலக் கேட்டுப் பயனில்லை. தீர்ப்பின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தில் கேட்க வேண்டும்.

கோபுரமும் இங்கே நிற்பதால் ஒரு பெரும் குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிற்றலை போல அது எட்டாத இடத்தில் இல்லை. ஒரு ஜீப் வந்தால் அணைத்துவிடலாம். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: லண்டனில் இருந்து வந்த குரலை அணைத்தபோது படுவான்கரையில் யாரும் தெருவுக்கு வரவில்லை. தங்கள் ஊர்ப் பிள்ளை வாசிக்கிற குரலை அணைத்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

உரிமம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வருகிற மாரியிலேயே தொடங்குங்கள். இரவு ஒன்பதே காலுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இப்போதைக்குக் கைப்பேசியில் ஒலியாக அனுப்புங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். கைப்பேசி படுத்துப்போகும் என்பதை மனதில் வைத்து, கோயில் நிர்வாகங்களோடும் பள்ளிவாசல் நிர்வாகங்களோடும் இப்போதே பேசிவையுங்கள். அவர்களிடம் ஒலிபெருக்கி இருக்கிறது, ஜெனரேற்றர் இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் தப்பியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 நாவலடியில் என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசிக் கம்பியும் அறுந்த பிறகு எந்த வாசலால் சொல்வது என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

என்ன வாசிப்பது? மழை எத்தனை மில்லிமீற்றர், உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டம் என்ன, முகத்துவாரம் வெட்டுவதா விடுவதா என்பதில் கமக்காரர் என்ன சொல்கிறார், இறால் பிடிக்கிறவர் என்ன சொல்கிறார். இரண்டையும் வாசியுங்கள், ஒன்றை மட்டும் வாசித்தால் அடுத்த நாள் பாதிக் கரை கேட்காது. குருமண்வெளித் துறையில் பாதை ஓடுகிறதா. எந்த ஊருக்குள் யானை இறங்கியது. மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கிய பண்ணையாளர்களின் வழக்கு எந்த அளவில் நிற்கிறது. உறுதிப்படாத எதையும் போடாதீர்கள், அன்றைக்குச் செய்தி நாலு நிமிடத்தில் முடிந்தால் நாலு நிமிடத்தில் முடியட்டும்.

வாசிக்கிறவர்களில் படுவான்கரையிலிருந்து ஒருவரும், காத்தான்குடி அல்லது ஏறாவூரிலிருந்து ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் கிடைக்கும் வரை தொடங்க வேண்டாம். சமஸ்கிருதம் கலந்த மேடைத் தமிழும் வேண்டாம், கொழும்புப் பண்பலைகளின் கொஞ்சலும் வேண்டாம். முதல் வாரத்துப் பதிவுகளை எனக்கு அனுப்புங்கள். எண்ணிக்கை பிழைத்த இடத்தைக் குறித்து அனுப்புவேன். பாராட்டை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
படுவான்கரைப் பழைய நேயர் ஒருவர்